அடைகாத்த வீடு

கயெத்தான் ஷொக்கெத் தம் வீட்டு விறகடுப்பைக் கழற்றித் தங்கை கணவருக்குக் கொடுத்தது சென்ற கோடைகாலத்தில். சும்மா கொடுக்கவில்லை, ஒரு சொற்பொழிவோடு கொடுத்தார்.

"வடக்கே எத்தனை ஆத்தை மறிச்சு அணை கட்டியிருக்கான்! நாடு பூரா கரண்ட் ஓடுது. நீ இன்னும் கோடாலியும் கையுமா அலையிற, மாப்ளே. இந்தா, இதையும் எடுத்துட்டுப் போ. ஊருக்கே சேத்துப் புகை போடு."

தங்கை யுகெத்தின் கணவர் ஃபெர்னான் அந்த வார்ப்பிரும்பு அடுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதன்பின் கயெத்தான் வீட்டில் ஒவ்வோர் அறையின் சுவரடியிலும் மின்சார வெப்பக்குழாய் ஓடியது. சாம்பல் இல்லை, கரி இல்லை, விறகு பிளக்கும் வேலை இல்லை. அந்தப் பெருமையை அவர் தாம் குடியிருந்த ஐந்தாம் சாலையில் ஒரு வீடு விடாமல் பரிமாறினார்.

ஜனவரி வந்தது. உறைமழையும் வந்தது.

பனி பெய்தால் கியூபெக்கில் யாரும் கவலைப்படுவதில்லை. வாசலை அள்ளிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். உறைமழை வேறு ரகம். மழையாக இறங்கும், தொட்ட இடத்திலேயே கண்ணாடியாகிவிடும். முதல் நாள் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் வேலிக் கம்பிகள் கட்டைவிரல் பருமன் ஆயின. அன்று மாலை மேப்பிள் தோப்பிலிருந்து துப்பாக்கி வெடிப்பதுபோல் ஓசை கேட்கத் தொடங்கிற்று. பாரம் தாங்காத கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. பிறகு வானத்தின் ஓரத்தில் நீலமாக ஓர் ஒளி விரிந்து அடங்கியது. கயெத்தான் சமையலறையில் விளக்கு அணைந்தது. வெப்பக்குழாயின் முனகல் நின்றது. மேடைமேல் இருந்த, குஞ்சு பொரிக்கும் மின்பெட்டியின் சிவப்புப் பொட்டும் மறைந்தது.

அவர் விளக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தப் பொட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டிக்குள் பதினான்கு முட்டைகள் இருந்தன.

கயெத்தான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்; மணம் செய்துகொள்ளாதவர். அவருடைய குடும்பம் என்று சொல்வதானால் அது கொட்டகையில் இருந்த வெள்ளைக் கோழிகள்தான். கொண்டை சிறுத்தவை, ஆகையால் கடுங்குளிரிலும் அது கருகாது. எந்தக் கோழி நடுக்குளிர்காலத்திலும் முட்டையிடுகிறது, எது குஞ்சை மிதிக்காமல் நடக்கிறது என்று இருபது ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வளர்த்த வம்சம் அது. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு கொட்டகைக்குள் மரநாய் ஒன்று புகுந்தது. மரநாய் பசிக்கு மட்டும் கொல்லுகிற பிராணி அல்ல. விடிந்து பார்த்தபோது மூன்று கோழிகளே மிச்சம். சேவல் கதவருகே கிடந்தது. அது ஓடிப் பிழைக்க முயன்றதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

சேவல் இறந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் வரை கோழி இடுகிற முட்டையில் உயிர் இருக்கும். அதற்குமேல் இடுபவை வாணலிக்கு மட்டுமே ஆகும். அந்த நாள்களில் கிடைத்தவற்றைத்தான் கயெத்தான் சேர்த்துப் பெட்டியில் அடுக்கியிருந்தார். இவை பொரிந்தால் வம்சம் தொடரும். பொரியாவிட்டால் அந்த மூன்று கிழக் கோழிகளோடு கதை முடிந்தது. குஞ்சு வெளிவர மூன்று வாரம் ஆகும். முட்டைகள் அப்போது பாதி வழிதான் வந்திருந்தன.

அன்றிரவு அவர் பாலாடைக்கட்டி உருக்கும் சின்ன எரிசாராய அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, சீசாக்களில் ஊற்றி, பெட்டியைச் சுற்றி அடுக்கி, மேலே மூன்று கம்பளி போர்த்திப் போராடினார். விடியும்போது சாராயம் தீர்ந்தது. பாட்டரி ரேடியோ, மின்கம்பிகளைத் தாங்கும் பெரிய இரும்புக் கோபுரங்களே சரிந்துவிட்டதாகச் சொன்னது. இது இரண்டொரு நாளில் தீர்கிற காரியம் அல்ல என்றும் சொன்னது. அவர் வாய் திறந்தால் ஆவி தெரிந்தது. வயலுக்கு அப்பால் ஒரே ஒரு வீட்டின் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அது ஃபெர்னான் வீடு.

பெருமைக்கும் முட்டைக்கும் நடுவே அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு முட்டை ஒவ்வொன்றையும் ஒரு கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, சூப் காய்ச்சும் பெரிய பாத்திரத்தில் அடுக்கி, அதை மேலங்கிக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டார். வயல் முழுவதும் ஒரே கண்ணாடி. நின்று நடக்க முடியவில்லை. ஐம்பத்தாறு வயது மனிதர் தரையில் உட்கார்ந்து, குதிகாலால் உந்தி உந்தி, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு தங்கை வீடு போய்ச் சேர்ந்தார்.

ஃபெர்னான் அதைச் சன்னல் வழியாக ஆதியோடந்தமாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

"வாங்க மச்சான், வாங்க! ஆறு, அணை எல்லாம் சௌக்கியமா?"

"பேசுறதை எல்லாம் அப்புறமா பேசிக்கோ மாப்ளே. நான் தங்க வரல. இதை மட்டும் சூடா ஓர் இடத்துல வெச்சுக்கோ."

"என்னது, சூப்பா?"

"முட்டை."

ஃபெர்னான் மூடியைத் திறந்து பார்த்தார். "யுகெத், இங்க வந்து பாரு. உன் அண்ணன் முட்டைக்கெல்லாம் சாக்ஸ் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காரு."

அந்தச் சமையலறையில் அப்போதே இடம் நெருக்கடி. பங்குச் சாமியார் பெருபே, தாம் குடியிருந்த குருமனை பனிக்கட்டியாகிவிட்டதால் முதல் நாளே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் த்ரெப்பனியே தம்பதியும் அவர்களுடைய இரண்டு சிறு பெண்களும் ஒரு மூலையில் மெத்தை விரித்திருந்தார்கள். அடுப்புக்கு மிக அருகில் இருந்த நல்ல நாற்காலியில், ஊரின் தபால் நிலையத்தை நெடுங்காலம் ஆண்டு ஓய்வு பெற்ற மதாம் ரசிக்கோ அமர்ந்திருந்தார்.

"முட்டையா?" என்றார் அவர். "கடவுள் பெரியவர். நேத்திலிருந்து பீன்ஸ், பீன்ஸ், பீன்ஸ். யுகெத், வாணலியை எடும்மா."

"மதாம், இது திங்கிற முட்டை இல்ல!" என்று கயெத்தான் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"திங்காத முட்டை எதுக்குத் தம்பி? சாக்ஸ் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பவா?"

யுகெத் குறுக்கே வந்து சண்டையை நிறுத்தினாள். அடுப்பின் தலைக்குமேல், ரொட்டியையும் தட்டுகளையும் இளஞ்சூட்டில் வைப்பதற்கென்று இரண்டு கதவுள்ள இரும்பு அலமாரி ஒன்று உண்டு. அவள் அதிலிருந்த தட்டுகளை எடுத்துவிட்டு, "இதுல வை அண்ணே. நீயும் இங்கேயே இரு. உன் வீட்ல என்ன இருக்கு, குளிரைத் தவிர?" என்றாள்.

கயெத்தான் இருந்தார். ஆனால் விருந்தாளியாக இல்லை, காவல்காரராக இருந்தார். அலமாரிக்குள் ஒரு வெப்பமானியையும், காற்று வறண்டுபோகாமல் ஒரு கிண்ணம் தண்ணீரையும் வைத்தார். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் சிலுவையும் மறுபக்கம் வட்டமும் குறித்தார். கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க நாளைக்கு மூன்று முறை திருப்ப வேண்டும். எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று தெரிய அந்தக் குறிகள். பிறகு வீட்டாருக்குச் சட்டங்கள் பிறப்பித்தார். அலமாரிப் பக்கம் யாரும் கை வைக்கக்கூடாது. கதவை ஓங்கிச் சாத்தக்கூடாது. தம்மைக் கேட்காமல் அடுப்பில் விறகு போடக்கூடாது.

இந்தக் கடைசிச் சட்டம் ஃபெர்னானுக்குப் பொறுக்கவில்லை.

"சூடு ஏறுது, ஒரு கட்டையை வெளிய எடுன்றீங்க. அரை மணி கழிச்சு இறங்குது, ரெண்டு போடுன்றீங்க. மச்சான், இது அடுப்பு. இதுல ஸ்விட்ச் கிடையாது."

"முட்டைக்கு அது தெரியுமா மாப்ளே?"

"ஒன்பது பேருக்குப் பசி. பீன்ஸ் வேகணும்னா தீ வேணும்."

"பீன்ஸ் அரைவேக்காடா இருந்தா யாரும் செத்துப்போக மாட்டாங்க."

"நான் போவேன்" என்றார் மதாம் ரசிக்கோ.

கயெத்தான் யாரையும் நம்பவில்லை. சாப்பிடும்போதும் அலமாரியைப் பார்த்தபடியே சாப்பிட்டார். தம் மூன்று கோழிகளுக்குத் தீனி வைக்கப் போகும்போது முட்டைகளை எண்ணிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் எண்ணுவார். யுகெத்துக்கு அது உறுத்தியது. "நாங்க என்ன மரநாயா அண்ணே?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். ஆனாலும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

கோயில் மணி மின்சாரத்தால் ஆடுவது. அது ஊமையாகிவிட்டதால், சாமியார் பீடத்துக் கைமணியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலை, நண்பகல், மாலை என்று மூவேளைச் செபத்துக்கு அதை அடிப்பார். எல்லாரும் கைவேலையை நிறுத்திச் செபம் சொல்லி முடித்ததும் அலமாரிக் கதவு கிரீச்சிடும். கயெத்தான் முட்டைகளைத் திருப்புவார். அவருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. மின்சாரம் இல்லாத அந்த வீட்டில் தெய்வத்துக்கும் கோழிக்கும் ஒரே மணி போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் இருட்டியபின், சிறு பெண்கள் கதை கேட்டார்கள். சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓர் அணில் இருந்துச்சு. இலை உதிர்ற காலம் முடியறதுக்குள்ள மரப்பொந்து நிறையக் கொட்டைகளைச் சேத்துச்சு. பொந்து ரொம்பிப்போச்சு, உள்ள படுக்க இடம் இல்ல. வெளிய நின்னுச்சு. 'கொஞ்சத்தை என் பொந்துல வெச்சுட்டு நீ உள்ள படுத்துக்கோயேன்'னு பக்கத்துக் கிளை அணில் சொல்லுச்சு. 'அதெல்லாம் முடியாது, நீ திருடன்'னு இது வாசல்லயே முதுகைக் காட்டி உக்காந்து காவல் காத்துச்சு. பனி விழுந்துச்சு. காலைல பாத்தா, கொட்டை எல்லாம் உள்ள கதகதன்னு இருக்கு. வெளிய அணிலோட வால் விறைச்சுப் போச்சு."

சமையலறை முழுவதும் அடக்கிய சிரிப்பு பரவியது. கயெத்தான் முகம் சிவந்தது. "சாமி, அந்த அணில் நான்தானே?"

"நான் அணில்னுதான் சொன்னேன், கயெத்தான். வாலைத் தடவிப் பாத்தது நீங்க."

அவர் எழுந்தார். கோபித்துக்கொண்டு வெளியே போய்விடுவார் என்றுதான் யுகெத் நினைத்தாள். அவரோ கைவிளக்கை எடுத்தார். அலமாரியைத் திறந்து, ஒரு முட்டையை விரல் நுனிகளால் பிடித்தார். "எல்லாரும் மெழுகுவத்தியை அணைங்க. ஒரு தடவை காட்டுறேன். தொடக்கூடாது."

இருட்டில் அவர் முட்டையின் அகன்ற முனையில் விளக்கை வைத்தார். முட்டை உள்ளிருந்து செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. அதில் மெல்லிய சிவப்பு வேர்கள் ஓடின. வேர்களின் நடுவே கரிய நிழல் ஒன்று இருந்தது. அது அசைந்தது, ஒரு முறை துள்ளிப் புரண்டு அடங்கியது.

பெண்களில் சின்னவள், "அது நம்மளைப் பாக்குதா?" என்று கேட்டாள்.

"அதுக்கு இன்னும் கண்ணு தொறக்கல. ஆனா சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும்."

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இரண்டு முட்டைகளில் வேரும் இல்லை, நிழலும் இல்லை, வெறும் கூமுட்டை. அவற்றை எடுத்துவிட, பன்னிரண்டு மிஞ்சின. எல்லாரும் பார்த்து முடித்தபின் மதாம் ரசிக்கோ, "இந்தக் கடைசியா காட்டின ஆளை இன்னொரு தடவை காட்டு தம்பி" என்றார். அன்றிலிருந்து அவர் வாணலியின் பெயரை எடுக்கவில்லை.

அந்த வார முடிவில் மழை விட்டது. அதற்குப் பதிலாகக் குளிர் வந்தது. இருபது டிகிரி உறைநிலைக்குக் கீழே. ஃபெர்னானின் காய்ந்த விறகு அடுக்கு தீர்ந்துபோயிற்று. ஒடிந்து விழுந்த மேப்பிள் கிளைகளைப் பனிக்கட்டியைத் தட்டி எரித்தார்கள். ஈர விறகு அழுதுகொண்டே எரிந்தது. அதன் புகை புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிந்தது. ஒரு நாள் காலை புகை மேலே போகாமல் சமையலறைக்குள்ளேயே திரும்பியது. ஃபெர்னான் வெளியே ஓடிப் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பொறி பறக்குது. உள்ள தார் பிடிச்சிருக்கு. அதுல தீப் பத்துனா வீடே மெழுகுவத்தி ஆயிடும். அடுப்பை அணைக்கணும். கூரைல ஏறிச் சுரண்டணும்."

"எவ்வளவு நேரம்?" என்று கயெத்தான் கேட்டார்.

"இரும்பு ஆறணும், சுரண்டணும், மறுபடி சூடாகணும். அரை நாள்."

கயெத்தான் அலமாரியைப் பார்த்தார். சன்னலின் உட்புறத்தில் அப்போதே பனிப்பூ படர்ந்துகொண்டிருந்தது. "நாளைக்குப் பண்ணக்கூடாதா மாப்ளே? குளிர் கொஞ்சம் குறையட்டும்."

கேட்டபின்தான் தாம் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ஃபெர்னான், மெத்தைமேல் ஒருவர்மேல் ஒருவர் கால்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைத் திரும்பிப் பார்த்தார். கயெத்தானும் பார்த்தார்.

"சரி. அணை" என்றார்.

அதோடு தீரவில்லை. கூரை முழுவதும் பனிக்கட்டி. இடுப்பில் கயிறு கட்டாமல் ஏற முடியாது. அந்தக் கயிற்றைக் கூரையின் மறுபக்கம் இறக்கி, ஒரு மரத்தில் சுற்றி, ஏறுகிறவர் நகர நகரத் தளர்த்தவும் இறுக்கவும் வலுவான ஓர் ஆள் வேண்டும். இளைஞர் த்ரெப்பனியே இரண்டு நாளுக்கு முன்புதான் வாசலில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார். சாமியாரோ எழுபதைத் தாண்டியவர்.

"மச்சான், நீங்கதான் பிடிக்கணும்."

"அப்ப முட்டை?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அதுவரை முட்டையை யாரிடமும் ஒப்படைக்காத மனிதர் அலமாரிக் கதவில் கைவைத்துக்கொண்டு நின்றார். மதாம் ரசிக்கோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கு மூணு குடு."

"மதாம், அது உடம்புச் சூட்டுல, மேல படற மாதிரி, அசையாம..."

"எனக்குத் தெரியும் தம்பி. இந்த ஊர்க் கடுதாசி பூரா என் கை வழியாத்தான் போச்சு. ஒண்ணையாவது கசக்கியிருக்கேனா?"

"பிரிச்சுப் படிச்சிருக்கீங்க" என்றார் ஃபெர்னான்.

"படிச்சேன். கசக்கல."

கயெத்தான் முதல் முட்டையை அலமாரியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தபோது தம் விரல்களைப் பிரிக்கச் சற்று நேரம் ஆயிற்று. மதாம் ரசிக்கோ அதை ஐந்தடுக்கு ஆடைக்குள் எங்கோ கொண்டு போனார். யுகெத் மூன்று வாங்கிக்கொண்டாள். த்ரெப்பனியே மனைவி இரண்டு. பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆளுக்கொன்று. சாமியார் இரண்டைத் தம் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "பீடத்துல பாத்திரம் ஏந்துற கை இது, கவலைப்படாதீங்க" என்றார். எல்லாரும் ஒருவரையொருவர் நெருக்கி உட்கார்ந்தார்கள். இளைஞர் த்ரெப்பனியே ஒற்றைக் கையால் வீட்டிலிருந்த கம்பளிகள் அத்தனையையும் அவர்கள்மேல் போர்த்தினார். தலைகள் மட்டும் தெரிந்தன.

அடுப்பு அணைந்தது.

வெளியே, மரத்தைச் சுற்றிய கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கயெத்தான் நின்றார். கூரையின் மறுசரிவில் ஃபெர்னான் கண்ணுக்குத் தெரியவில்லை. புகைபோக்கிக்குள் சங்கிலி உரசுகிற ஓசைதான் கேட்டது. கயெத்தானின் கண் சமையலறைச் சன்னலுக்குப் போயிற்று. பனிப்பூவின் இடுக்கு வழியாகச் சாமியாரின் தலை தெரிந்தது, அது அசைகிறதா? யுகெத் ஏன் எழுந்திருக்கிறாள்? அவர் கழுத்தை நீட்டினார்.

கயிறு அவர் கையிலிருந்து பாம்புபோல் ஓடியது.

கூரையில் ஏதோ பெரிதாகச் சறுக்கும் ஓசை. கயெத்தான் குதிகாலை ஊன்றி, கையுறை தேயத் தேயக் கயிற்றை மரத்தோடு இழுத்து நிறுத்தினார். உச்சிக்கு அப்பாலிருந்து ஃபெர்னானின் குரல் வந்தது. அந்தப் பக்கத்தில் கோபம் வந்தால் கோயில் சாமான்களைச் சொல்லித் திட்டுவது வழக்கம். ஃபெர்னான் பீடத்தில் தொடங்கி, பாத்திரத்தைத் தொட்டு, நற்கருணைப் பேழை வரை ஒன்றுவிடாமல் கூப்பிட்டார். சரியாக அப்போது உள்ளேயிருந்து கைமணி ஒலித்தது.

கூரையில் அமைதி.

"மச்சான்" என்று தாழ்ந்த குரல் கேட்டது. "சாமிக்குக் கேட்டிருச்சா?"

"நடுப்பகல் செபம் மாப்ளே. அதுக்குத்தான் மணி." கயெத்தான் மூச்சு வாங்கினார். "அடி பட்டுச்சா?"

"பெருமைலதான் பட்டுது. கயித்தைப் பாத்துப் பிடிங்க. என் மண்டைக்கும் ஓடு ஒண்ணுதான்."

அதன்பின் கயெத்தான் சன்னல் பக்கம் திரும்பவில்லை. வேலை முடியும்வரை அவர் கண் கயிற்றிலேயே இருந்தது.

வேலை முடிந்து இருவரும் உள்ளே வந்தபோது, கம்பளிக் குவியலிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. சாமியாரின் தலை மட்டும் நிமிரவில்லை.

"கயெத்தான், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

மூவேளைச் செபத்தில், இறைவன் மனித உடல் எடுத்ததைச் சொல்லும் வரி வரும்போது ஒரு காலை மடக்கி மண்டியிட வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தில் தலையை மட்டும் சாய்த்தார்கள். சாமியாருக்கு அறுபது ஆண்டுப் பழக்கம். அந்த வரி வாயில் வந்ததும், சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கால் கேட்கவில்லை. அது தானாக மடங்கிற்று. ஒரு முட்டை நாற்காலியின் விளிம்பில் மோதி உடைந்தது.

"நாங்க எல்லாரும் பத்திரமா வெச்சிருக்கோம்" என்றார் மதாம் ரசிக்கோ. "சாமிக்குத்தான் பக்தி ஜாஸ்தி."

யுகெத் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாளுக்கு முன்பாக இருந்தால் அந்த வீடு இடிந்திருக்கும். கயெத்தான் சாமியாரின் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கி, அதில் இருந்ததைச் சற்று நேரம் பார்த்து, மடித்தார். கையுறை தேய்ந்த அவருடைய உள்ளங்கை சிவந்திருந்தது. தாம் ஒரு கணம் திரும்பியதில் மைத்துனரையே தவற விட்டிருப்போம் என்பதை அவர் மறக்கவில்லை.

"சாமி, உங்களுக்கு யாரு பாவமன்னிப்புக் குடுப்பா?"

"இதுக்கு நீங்கதான் குடுக்கணும்."

"குடுத்தாச்சு. பரிகாரமா, கரண்ட் வர்ற வரைக்கும் பாத்திரம் கழுவுங்க."

சிரிப்பு அடங்குமுன் ஃபெர்னான் தீ மூட்டினார். புகை ஒழுங்காக மேலே ஏறியது. இரும்பு மெல்லச் சூடானது. ஒவ்வொருவரும் தம் முட்டையைத் தாமே கொண்டுவந்து அலமாரியில் வைத்தார்கள். கயெத்தான் எண்ணவில்லை. அன்று மாலை விளக்கை வைத்துப் பார்த்தபோது பதினொன்றிலும் நிழல் முட்டையை ஏறக்குறைய நிரப்பியிருந்தது. அசைவு தெரிந்தது சிலவற்றில் மட்டுந்தான். மற்றவை தூங்குகின்றனவா, போய்விட்டனவா என்று சொல்ல அவராலும் முடியவில்லை.

கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக்கூடாது. குஞ்சு தலையை மேலே வைத்து உட்கார்ந்துவிடும். சாமியார் மணி அடித்தார், செபம் முடிந்தது, கைகள் வேலையின்றி மடியில் கிடந்தன. சூடு ஏறினால் யுகெத் சொன்னாள். இறங்கினால் த்ரெப்பனியே மனைவி சொன்னாள். ஃபெர்னான் யாரும் கேளாமலே கட்டையை அளந்து போட்டார். கயெத்தான் பகலில் இரண்டு மணி நேரம் குறட்டைவிட்டுத் தூங்கினார். உறைமழை தொடங்கியபின் அவர் அப்படித் தூங்கியது அதுவே முதல் முறை.

ஒரு நாள் காலை, பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது, யாரும் எதிர்பாராமல் கூரை விளக்கு எரிந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. பக்கத்து அறையிலிருந்து தொலைக்காட்சி கத்தியது. ஒன்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள். சாமியார் ஃபெர்னானைக் கட்டிக்கொண்டார். த்ரெப்பனியே மெத்தையைச் சுருட்டத் தொடங்கினார்.

"வாயை மூடுங்க எல்லாரும்!"

மதாம் ரசிக்கோ அலமாரிக் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தார். ஃபெர்னான் ஓடிப் போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். யுகெத் குளிர்சாதனப் பெட்டியின் செருகியைப் பிடுங்கினாள். அமைதியில், இரும்புக்குப் பின்னாலிருந்து, ஊசி நுனியளவு மெல்லிய குரல் ஒன்று கேட்டது. சற்றுப் பொறுத்து, அதற்குப் பதில்போல் இன்னொன்று.

கயெத்தான் கதவைத் திறந்தார். மூன்று முட்டைகளில் நட்சத்திரம்போல் விரிசல்.

ஃபெர்னான் சன்னலைப் பார்த்தார். "மச்சான், உங்க வீட்ல வெளிச்சம் தெரியுது. குழாய் எல்லாம் சூடாகியிருக்கும், உங்க பெட்டியும்தான். இப்பக் கொண்டு போறீங்களா? கூட வர்றேன்."

"இப்ப அசைக்கக்கூடாது மாப்ளே." பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "அசைக்கலாம்னாலும் வேண்டாம். சூடு குடுத்தவங்க எல்லாம் இங்க இருக்காங்க. இங்கேயே பொறக்கட்டும்."

கட்டிய மூட்டைகள் கதவருகே நின்றன. கட்டியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மின்விளக்கு கண்ணைக் கூசவைத்ததால் யாரோ அதை அணைத்தார்கள். குஞ்சு பொரிவது அவசரக்காரர்களுக்கான காட்சி அல்ல. அது கொத்தும், களைத்து ஓயும், மறுபடி கொத்தும். நண்பகல் கடந்தபின் முதல் ஓடு இரண்டாகப் பிளந்து, நனைந்து சுருண்ட ஏதோ ஒன்று வெளியே விழுந்தது. கழுத்து நிற்கவில்லை, கால் இரண்டும் இரண்டு திசை பார்த்தன.

"இதுக்காகவா நான் மூச்சுக்கூட விடாம உக்காந்திருந்தேன்?" என்றார் மதாம் ரசிக்கோ. "என்ன அவலட்சணம்!" ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை.

மாலைக்குள் ஒன்பது குஞ்சுகள் வந்துவிட்டன. இரண்டு முட்டைகள் கடைசிவரை திறக்கவில்லை. கயெத்தான் அவற்றைப் பேசாமல் ஓரமாக எடுத்து வைத்தார். அடுப்படிப் பெட்டியில் குஞ்சுகள் உலர்ந்து, எலுமிச்சை நிறத்தில் உருண்டு திரண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கின.

ஃபெர்னான் குனிந்து பார்த்தார். "எல்லாம் சரி மச்சான். இதுல சேவல் எது? அது இல்லேன்னா வம்சம் எப்படி?"

"இப்பத் தெரியாது. ஆறு வாரம் ஆகும், கொண்டை சிவக்க. ஒன்பதுல ரெண்டு மூணாவது இருக்கும்."

"அதோ, மத்ததை எல்லாம் மிதிச்சுட்டு நடுவுல படுத்திருக்கே, அதுதான் சேவல்" என்றார் சாமியார்.

"அது பொட்டை" என்றாள் யுகெத். "அந்த நிர்வாகத்தைப் பாத்தாலே தெரியல?"

"யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்." மதாம் ரசிக்கோ முதலில் பிறந்த அவலட்சணத்தைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடிக்கு அருகே கொண்டு போனார். அது அவருடைய விரலை ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. "ஆ! பாத்தியா தம்பி? இதுதான். ஆறு வாரம் கழிச்சு நான் வந்து பாப்பேன். வழக்கை அப்பத் தீத்துக்கலாம்."

"ஆறு வாரம் எதுக்கு மதாம்? ஞாயித்துக்கிழமை வாங்க. எல்லாரும் வாங்க." கயெத்தான் ஃபெர்னானைத் திரும்பிப் பார்த்தார். "நீயும்தான் மாப்ளே. பீன்ஸ் நான் வேக வெக்கிறேன்."

வெளியே ஐந்தாம் சாலை நெடுகச் சன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளி பெற்றுக்கொண்டிருந்தன. அந்தச் சமையலறையிலிருந்து மட்டும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒன்பது தலைகளும் பெட்டியின்மேல் கவிந்து, எது சேவல் என்று இன்னமும் சண்டையிட்டுக்கொண்டிருந்தன.